கணக்குச் சொல்ல ஓர் ஆள்: தருமபுரி மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் தொகுதிகளின் உறுப்பினர்கள் ஐவருக்கும் வணக்கம்.

பாலக்கோடு வட்டத்தில் தக்காளி பயிரிட்டுப் பிழைக்கும் வாக்காளன் ஒருவன் எழுதிக்கொள்வது. இது 2025 ஜூலை. சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் ஓராண்டுகூட இல்லை. நான் எழுத வந்தது அந்தத் தேர்தலைப் பற்றி அன்று. நடந்திருக்க வேண்டியும் நடக்காமல் கிடக்கும் வேறொரு தேர்தலைப் பற்றி.

நம் மாவட்டத்தின் 251 கிராம ஊராட்சிகளிலும் 2019 டிசம்பர் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம், கடந்த ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-ஈ பிரிவு சொல்கிறது. முடிக்கவில்லை. தலைவர் இருந்த இடத்தில் இப்போது தனி அலுவலராக வட்டார வளர்ச்சி அலுவலர் இருக்கிறார். மாவட்டத்தில் ஒன்றியங்கள் பத்து. வகுத்துப் பார்த்தால் ஓர் ஒன்றியத்துக்கு ஏறக்குறைய இருபத்தைந்து ஊராட்சிகள். அந்த அலுவலர்மீது எனக்குக் குறையேதும் இல்லை. இருபத்தைந்து ஊர்களின் குழாயையும் தெருவிளக்கையும் சாக்கடையையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்வார் என்று எழுதிக் கையெழுத்திட்டவர்கள்மீதுதான் குறை.

இது எனக்கு எங்கே உறைத்தது என்று சொல்கிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏன் வந்தது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பள்ளிப் பிள்ளைகளின் பற்கள் காவியேறி, பெரியவர்களின் முழங்கால்கள் மடங்காமல் போன மாவட்டம் இது. ஜப்பானியக் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு, 2013-இல் அந்தத் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. இந்தக் கோடையில் எங்கள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் வருவது குறைந்தபோது, ஓவர் டேங்கில் போர் தண்ணீரையும் கலந்து விட்டார்கள். எவ்வளவு கலந்தது, யார் சொல்லிக் கலந்தது, கலந்த தண்ணீரைப் பரிசோதித்தார்களா என்று கேட்கப் போனேன். டேங்க் ஆப்பரேட்டர் செயலரைக் காட்டினார். செயலர் ஒன்றிய அலுவலகத்தைக் காட்டினார். அங்கே நான் போன மூன்று தடவையும் 'ஐயா மீட்டிங்குக்குப் போயிருக்கிறார்' என்றார்கள்.

முன்பிருந்த தலைவர் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. பல ஊர்களில் நாற்காலியில் தலைவி, பேச்சில் அவர் கணவர் என்பதுதான் நடைமுறை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வீடு மூன்று தெரு தள்ளி இருந்தது. விடியற்காலையில் போய்க் கதவைத் தட்டினால் பதில் வரும், அல்லது ஆள் பின்வாசல் வழியாக நழுவுவார். நழுவினார் என்பதாவது ஊருக்குத் தெரிந்தது.

'நாங்கள் ஐவரும் எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறோம், தேர்தலை நிறுத்தி வைத்தவர்கள் நாங்கள் அல்லர்' என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் 2016 அக்டோபரில் முடிந்த ஊராட்சிப் பதவிக்காலத்துக்குப் பிறகு, 2020 ஜனவரியில் அடுத்தவர்கள் பொறுப்பேற்கும்வரை, மூன்று ஆண்டுகளுக்கு மேல் இதே தனி அலுவலர் ஆட்சிதான் நடந்தது. அப்போது கோட்டையில் இருந்தது உங்களில் மூவரின் கட்சி. 2016-இல் நடந்திருக்க வேண்டிய ஊராட்சித் தேர்தலுக்கு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கிய தரப்பு இன்று ஆளுங்கட்சி. அதற்கும் முன்பு, 1986-இல் ஊராட்சித் தேர்தல் நடந்த பிறகு அடுத்தது 1996-இல்தான் நடந்தது. ஆக, எந்தக் கொடி பறந்தாலும், தனக்குத் தேவையான தேர்தலை நாள் தவறாமல் நடத்துகிற மாநிலம், எங்களுக்குத் தேவையான தேர்தலுக்கு மட்டும் வார்டு வரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று காரணம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது.

வாக்கின்மீது எனக்கு நம்பிக்கையே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முன், பர்கூரில், பதவியில் இருந்த முதலமைச்சர் ஜெயலலிதாவையே 1996-இல் தோற்கடித்தவர்கள் இந்தப் பகுதி மக்கள். ஆனால் ஆளை மாற்றுவது வேறு, அவர் செய்ததற்குப் பதில் வாங்குவது வேறு. அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைச் சோதனை என்ற பெயரில் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் 18 பழங்குடிப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பரில். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர், எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது. அதை உறுதிசெய்து, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2023-இல். நிகழ்வுக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையில் நான்கு சட்டமன்றத் தேர்தல்கள் நடந்து முடிந்தன. இரு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. பதில் வாங்கித் தந்தது, விடாமல் வழக்கு நடத்திய அந்த ஊர் மக்களும் அவர்களோடு நின்ற சங்கத்தாரும்தான், வாக்குப்பெட்டி அன்று.

வாங்கிக்கொண்டு வாக்களிப்பவனுக்குக் கேள்வி கேட்க என்ன தகுதி என்று நீங்கள் கேட்பீர்கள். கடந்த தேர்தலில் என் வீட்டு வாசலுக்கும் உறை வந்தது. எந்தக் கட்சியுடையது என்று சொல்லப் போவதில்லை; என் வீட்டார் வாங்கினார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு சட்டமன்ற வேட்பாளர் இப்போது 40 லட்சம் ரூபாய்வரை செலவு செய்யலாம் என்கிறது தேர்தல் ஆணையம். தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர் என்று வைத்துக்கொண்டால் தலைக்குப் பதினாறு ரூபாய். எனக்கு வந்த உறையில் இருந்தது பதினாறு ரூபாய் அன்று. ஆணையத்திடம் ஒப்படைக்கப்படும் செலவுக் கணக்கில் என் வீட்டு உறை எந்தத் தலைப்பில் வந்திருக்கும் என்று அவ்வப்போது யோசித்துப் பார்ப்பதுண்டு.

தக்காளி மண்டியில் கூடையை இறக்கிவிட்டு வந்தால், விலை அடிமாட்டு விலையாகவே இருந்தாலும், இத்தனை கூடை, இன்ன விலை, கமிஷன் இவ்வளவு, இறக்குக் கூலி இவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டு கையில் வந்துவிடும். சீட்டில் சந்தேகம் இருந்தால் மண்டிக்காரரோடு அங்கேயே நின்று சண்டை போடலாம். பொதுப்பணத்துக்கு அப்படிச் சீட்டு கொடுக்கும் இடம் என்று சட்டம் எனக்குக் காட்டுவது கிராம சபை ஒன்றைத்தான். வரவு செலவை அங்கே மக்கள் முன் வைத்தாக வேண்டும். இப்போதும் கிராம சபை கூடுகிறது. மே தினத்தன்றும் கூடியது. ஆனால் வாசித்தவரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் அவர் இழக்கப்போவதும் ஒன்றுமில்லை. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களிடம் கையெழுத்து வாங்கி, கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கையை நிரப்பிவிட்டு, முக்கால் மணி நேரத்தில் முடித்தார்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டே. சட்டமன்றத்தில் ஊராட்சித் தேர்தல் தேதியைக் கேளுங்கள். கட்சி வேறுபாட்டை ஒதுக்கி ஐவரும் சேர்ந்து, எழுத்தில் பதில் வரும்வரை கேளுங்கள். இரண்டாவது, அரசாணைக்கோ ஆளுங்கட்சிக்கோ காத்திருக்கத் தேவையில்லாதது. தொகுதி மேம்பாட்டு நிதியாக உங்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எந்த ஊரில், எந்த வேலைக்கு, எவ்வளவு, முடிந்ததா என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் தொகுதியில் ஏதாவது ஒரு கிராம சபைக்கு நீங்களே வந்து வாசியுங்கள். மேடை வேண்டாம், சால்வை வேண்டாம்.

அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 15. எங்கள் ஊரில் தொடக்கப் பள்ளி வளாகத்துப் புளிய மரத்தடியில் பந்தல் போடுவார்கள். போர் தண்ணீரைப் பரிசோதித்த அறிக்கை கேட்டு எழுதிய மனுவின் நகலோடு நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
பாலக்கோடு வட்டத்து வாக்காளன் ஒருவன்