சென்னைக்கு வரும் சண்முகத்துக்கு

வில்லிவாக்கம்,
சென்னை.

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மதுரை வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சித்திரையில் பெரம்பூரில் இருக்கும் மகனோடு வந்து சேர்ந்துவிடப் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கிருந்து ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பெரம்பூர். இனி நினைத்தபோது பார்க்கலாம். எங்கள் பேத்தி எல்கேஜி போகிறாள். ராணிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. உன் வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

மகன் ஒருவன் சம்பளத்தில், வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதில் ஐந்து பேர் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டிருந்தாய். எங்கள் வீட்டு நிலைமையும் அதுதான். நான் கண்டதை எழுதுகிறேன்.

மாத மளிகையைப் பற்றிக் கவலைப்படாதே. அது சீட்டு எழுதி வாங்குவது, ஒரு கட்டுக்குள் நிற்கும். காசு கரைவது காய், பழம், நொறுக்குத் தீனி, அவசரத்துக்கு வாங்கும் அரை லிட்டர் பால் என்று தினமும் கை நீட்டி வாங்கும் பொருளில்தான். இப்போது பத்தே நிமிடத்தில் வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் ஆப்கள் வேறு. கொத்தமல்லிக் கட்டு ஒன்றுக்காகத் திறப்பார்கள். டெலிவரி கட்டணம் வேண்டாம் என்பதற்காக பிஸ்கட்டும் சிப்ஸும் கூடச் சேரும். எங்கள் மருமகளிடம் இதைக் குறையாகச் சொல்லாமல், ஒரு மாத பில்லைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அவளே நிறுத்திவிட்டாள்.

காய்க்கும் பழத்துக்கும் என்று வாரம் 700 ரூபாய் தனிக் கவரில் வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். போகும்போது என்ன சமைப்பது என்று முடிவு செய்துகொள்வதில்லை. அவரைக்காய் மலிந்திருந்தால் அந்த வாரம் அவரை, சுரைக்காய் மலிந்திருந்தால் சுரைக்கூட்டு. முருங்கைக்காய் சாம்பார்தான் வேண்டும் என்று மார்கழியில் அடம் பிடித்தால் கவர் ஒரே நாளில் காலியாகிவிடும். அதே முருங்கை, நீ வரும் கோடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். சண்முகம், நீ வேறு எதை மறந்தாலும் இந்த ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வை: சமையலைச் சந்தை முடிவு செய்யட்டும்.

தக்காளியை எடுத்துக்கொள். சென்னைக்கு அது பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் வருகிறது. அங்கே மழை கொட்டினால் இங்கே விலை ஏறும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. தக்காளி இல்லாமல் சமையலே இல்லை என்பது பழக்கம்தான். மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு, கீரை மசியல், கூட்டு எதற்கும் அது தேவையில்லை. விலை ஏறிய வாரம் ராணி இவற்றுக்குத் தாவிவிடுவாள், சாப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

கோயம்பேடு பற்றிக் கேட்டிருந்தாய். 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து மாற்றிய மார்க்கெட் அது. விலை குறைவு என்பது உண்மை, ஆனால் மூட்டைக்கும் பெட்டிக்கும்தான் அந்த விலை. ஒரு குடும்பத்துக்குத் தக்காளி ஒரு பெட்டி எதற்கு? எங்கள் தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். ஆட்டோவில் போய் வந்தால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும், டவுன் பஸ்தான் சரி. சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் தங்கச்சியும் கூட வந்தால் செலவு உனக்கு மட்டும்தான். முகூர்த்த நாளுக்கும் அமாவாசைக்கும் முந்தின நாள் மட்டும் போகாதே. சாதாரண வாரங்களில் பெரம்பூர் பக்கத்துக் கடைகளே போதும். கொஞ்சம் தாமதமாகப் போனால் கூறு கட்டிப் போட்டிருப்பார்கள், அன்றைக்கே சமைத்துவிடுவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

வாங்கி வந்த பிறகு ஒரு வரிசை உண்டு. முதல் இரண்டு நாள் கீரை, அப்புறம் வெண்டை, கத்தரி, பீன்ஸ். வாரக் கடைசிக்குச் சேனை, உருளை, பூசணி. இந்த வரிசை தவறினால் கீரை வாடிக் குப்பைக்குப் போகும், அந்தக் காசும் சேர்ந்து போகும்.

ரேஷனை விட்டுவிடாதே. "சென்னையில் யாரப்பா ரேஷன் வாங்குவது" என்று உன் மகன் சொன்னால் கேட்காதே. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே துவரம்பருப்பு என்ன விலை என்று உனக்கே தெரியும். அந்த அரிசியை நாங்கள் இட்லி அரிசியோடு கலந்து ஊறவைக்கிறோம், கோடையில் வடாமும் போடுகிறோம். முகவரி மாற்றும் வரை காத்திருக்க வேண்டாம், நம் மாநிலக் கார்டுக்கு வேறு ஊர்க் கடையிலும் தருகிறார்கள். கார்டில் பெயருள்ள ஒருவர் போய்க் கைரேகை வைக்க வேண்டும்.

வெளி அரிசியை மகன் ஐந்து கிலோ பாக்கெட்டாக வாங்குகிறான் என்று எழுதியிருந்தாய். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதனால்தான் 26 கிலோ சிப்பம் வந்தது. எல்லோருமாகச் சேர்ந்த பிறகு சிப்பமாகவே எடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கே குறைத்தாலும் பருப்பிலும் முட்டையிலும் பாலிலும் குறைக்காதே, வீட்டில் வளரும் பிள்ளை இருக்கிறது. அதைவிட, தங்கச்சியின் தட்டைப் பார். கை இறுக்கமான நாட்களில் சமைக்கிறவள் வாய் திறக்காமல் தன் பங்கைக் குறைத்துக்கொள்வாள். நம் அம்மாக்கள் ரசத்தையும் ஊறுகாயையும் வைத்தே சாப்பிட்டு முடித்ததை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே இப்போது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மீன் பிரியனான உனக்கு ஒரு வருத்தமான செய்தி. நீ வரும் நேரத்தில் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. விலை ஏறியிருக்கும். அது முடிந்ததும் காசிமேட்டுக்குக் கூட்டிப் போகிறேன். வஞ்சிரத்தின் பக்கம் போகாமல் மத்தியும் நெத்திலியும் வாங்கினால் வீடு முழுக்க வயிறாரச் சாப்பிடலாம்.

புளியும் மிளகாயும் இங்கே வந்து வாங்காதே. பங்குனிக்குள் புதுப் புளி வந்துவிடும், அங்கேயே வருஷத்துக்கு வாங்கிக் கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுவா. ராமநாதபுரம் முண்டு மிளகாய் எங்களுக்கும் இரண்டு கிலோ சேர்த்து வாங்கு, வந்ததும் பணம் தருகிறேன். எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது. எழும்பூருக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
ராமு