வாடகை பேசும் முன் சி படிவத்தைப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிகிச்சைக்காக இலங்கையிலிருந்து சென்னை செல்வோருக்கென்று தங்கள் பத்திரிகை வெளியிட்ட கட்டுரையை இருமுறை வாசித்தேன். வைத்தியச் செலவு, விமான டிக்கெட், வீட்டு வாடகை எல்லாம் விபரமாக இருந்தன. வெளிநாட்டவர் வந்து தங்குவதை வீட்டுக்காரர் அரசுக்கு அறிவிக்கும் சி படிவம் என்ற ஒரேயொரு தாள் விடுபட்டுவிட்டது. அந்தத் தாளால் பட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

2024இல் மனைவியின் முழங்கால் சத்திர சிகிச்சைக்காக மருத்துவ வீசாவில் போனோம். விருகம்பாக்கத்தில் இரண்டு அறை வீடொன்றை இரண்டு மாதத்துக்கு எடுத்தோம். வீட்டுக்காரர் நல்ல மனிதர். போய் இறங்கிய அன்றே தண்ணீர் கேனும் எரிவாயு அடுப்பும் ஆயத்தமாக வைத்திருந்தார். அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுக் கடவுச்சீட்டுகளை நீட்டினேன். கையால் தடுத்தார். "நீங்கள் என்ன வெள்ளைக்காரர்களா? நம் தமிழ் ஆட்கள். அதெல்லாம் எதற்கு?" என்றார். உண்மையைச் சொன்னால், அது எனக்கும் இனிக்கத்தான் செய்தது.

புண் ஆறத் தாமதமானது. இன்னும் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்றார் டொக்டர். வீசா நீடிப்புக்கு விண்ணப்பித்தபோது தங்கியிருக்கும் முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். சி படிவத்தின் பிரதி வேண்டும் என்றபோதுதான் அப்படியொன்று இருப்பதே எங்களுக்குத் தெரிய வந்தது. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணித்தியாலத்துக்குள், தங்க இடம் கொடுத்தவர் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியாக அறிவிக்க வேண்டும். ஹோட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கும் இந்தக் கடமை உண்டு. நாங்கள் தங்கியபோது இருந்தது 1946ஆம் ஆண்டின் சட்டம். 2025 செப்டெம்பரில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் இடம் கொடுப்பவர் அறிவிக்க வேண்டும் என்பது அதிலும் மாறவில்லை.

இதைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. வாடகையைக் காசாக வாங்கியவர். வரிக்காரர் வந்துவிடுவாரோ என்று யோசித்திருக்க வேண்டும். மூன்று நாள் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். நான்காம் நாள், கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள்தான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதலில் தந்தையின் பெயரில் ஒரு கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. பிறகு கடவுச்சீட்டு இலக்கம், வீசா இலக்கம், எங்கிருந்து வந்தோம், அடுத்து எங்கே போவோம் என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். படமும் வேண்டும். நடக்க உதவும் கம்பிச் சட்டகத்தைப் பிடித்தபடி மனைவி வெள்ளைச் சுவரோடு நின்றாள். மூன்றாம் தடவைதான் கண் மூடாமல் படம் விழுந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாள் என்ற கட்டத்தில் அந்தப் பிள்ளை நிறுத்தி, "அங்கிள், இன்றைய தேதியைப் போட்டுவிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஏழு வாரப் பிந்தலை மறைக்க அது சுலபமான வழிதான். ஆனால் முப்பத்தோராண்டு கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை பார்த்து, பிழையான திகதி போட்ட எத்தனை படிவங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! உண்மைத் திகதியையே போடச் சொல்லி, தாமதத்துக்கு வீட்டுக்காரரைக் கொண்டு ஒரு விளக்கக் கடிதமும் எழுதுவித்தேன். நீடிப்புக் கிடைத்தது. கிடைக்கும்வரை மனைவிக்கு முழங்கால் நோவைவிட அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

கடமை வீட்டுக்காரருடையது, அலைச்சல் நம்முடையது. இதைத்தான் போகிறவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். தமிழ் பேசுவதால் அவர்களும் நம்மை வெளியார் என்று நினைப்பதில்லை, நாமும் நினைப்பதில்லை. கடவுச்சீட்டு அப்படி நினைப்பதில்லையே. இராமேஸ்வரம், திருச்சி லொட்ஜுகளில் வெளிநாட்டவருக்கு அறை இல்லை என்று நம்மவர்களைத் திருப்பி அனுப்புவதற்கும் பெரும்பாலும் இந்தப் படிவமே காரணம். இரண்டு இரவு அங்கே தங்கினாலும் அந்த லொட்ஜ்காரர் தனியாக ஒன்று போட வேண்டும்.

எங்கள் ஆட்களுக்குப் பதிவு என்றாலே வயிற்றைக் கலக்கும் என்பதையும் அறிவேன். யுத்த காலத்தில் கொழும்பு லொட்ஜுகளில் பொலிஸ் பதிவுத் துண்டை உயிர்போல மடியில் வைத்திருந்தவர்கள் நாங்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் இருந்த தமிழரை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றியதை யார் மறப்பார்? அதனால்தான் வீட்டுக்காரர் "வேண்டாம்" என்றதும் நமக்கு நிம்மதியாக இருக்கிறது. சென்னையில் கதை வேறு. கொழும்பில் துண்டு இருந்தும் பயம். சென்னையில் துண்டு இல்லாததுதான் பயம்.

எல்லா நாட்டிலும் ஒரே விதியும் இல்லை. ஜேர்மனியில் குடியேறும் எங்கள் பிள்ளைகள் வீடு புகுந்து இரண்டு வாரத்துக்குள், வீட்டுக்காரரின் கையெழுத்துக் கடிதத்தோடு நகர அலுவலகத்தில் தாங்களே பதிய வேண்டும். ஆனால் பார்க்கப் போகும் பெற்றோருக்கு மூன்று மாதம் வரை அந்தத் தொல்லை இல்லை. தாய்லாந்தில் இந்தியாவைப் போலவே வீட்டுக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். ஜேர்மனிக்குப் போய்வந்த மச்சாள் "ஒன்றும் தேவையில்லை" என்றதை நம்பிச் சென்னையில் இருந்தால் என் கதிதான்.

திருகோணமலையில் டிக்கெட் போட்டு வீசா விண்ணப்பமும் நிரப்பிக் கொடுக்கும் முகவர்கள் இதை ஒரு வரியாவது சொல்லலாம். எனக்கு நிரப்பித் தந்தவர் வெயிலுக்குக் குடை கொண்டுபோகச் சொன்னார், இதைச் சொல்லவில்லை. தங்கள் பத்திரிகையும் அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதியில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் உதவியாக இருக்கும்.

மறுபரிசோதனைக்கு அடுத்த மாதம் மீண்டும் போகிறோம். வளசரவாக்கத்தில் வேறொரு வீடு. வாடகை எவ்வளவு என்று கேட்கும் முன்னர் சி படிவத்தைக் கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "முன்பு ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்குப் போட்டிருக்கிறேன், கணக்கு இருக்கிறது" என்றார். வாடகை இரண்டாயிரம் ரூபாய் அதிகம்தான். சரி என்றுவிட்டேன்.

இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.