அளவு சொல்லாத கைவைத்தியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நலவாழ்வு இணைப்பில், யூரிக் ஆசிட் வலிக்கு (மருத்துவர்கள் 'கவுட்' என்று சொல்லும் மூட்டு நோய்க்கு) வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மருத்துவம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'இவை அனைத்தும் இயற்கையானவை என்பதால் எவருக்கும் எந்தத் தீங்கும் நேராது' என்று அதன் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஏனென்றால் ஏறக்குறைய இதே வரியை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் தாங்கள் வெளியிட்டீர்கள். அப்போதும் நான் கடிதம் எழுதினேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் கைவைத்தியத்தை இகழ்கிறவள் அல்ல. சுக்கும் ஓமமும் நொச்சி இலையுமாக எட்டுப் பிள்ளைகளை வளர்த்த தாய்க்குப் பிறந்தவள். 11 ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்பவள் என்பதால்தான், எந்த மருந்து எந்த வலிக்கு, எவ்வளவு, யாருக்கு ஆகாது என்று சொல்லாமல் எழுதப்படும் குறிப்புகளைக் கண்டால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

எனக்கு முதன்முதலாக வலி வந்தது கத்திரி வெயில் நாளொன்றின் பின்னிரவில். படுக்கும்போது ஒன்றும் இல்லை. இரண்டு மணிக்கு விழித்தபோது வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து, தோல் இழுத்துக் கட்டியதுபோல் மினுமினுத்தது. போர்வையின் நுனி பட்டாலும் உயிர் போயிற்று. மின்விசிறிக் காற்றைக்கூடத் தாங்க முடியவில்லை. விடிவதற்குள் வீக்கம் பக்கத்து விரலுக்கும் பரவி, மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. எண்ணெய் தடவியும் சோப்பு நுரை தடவியும் கழலாமல், கடைசியில் தெருமுனை நகைப் பட்டறைக்காரரை வீட்டுக்கே அழைத்துவந்து கத்தரித்தோம். தாலிக்கு அடுத்தபடியாக மதித்த மெட்டியை வெட்டும்போது என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். தங்கள் கட்டுரைக்கு மேலே ஒரு முதியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் இருந்ததே, அதைப் பார்த்தபோது எனக்கு அந்த விடியற்காலைதான் நினைவுக்கு வந்தது. தேய்மானத்தால் வரும் முழங்கால் வலி வேறு. யூரிக் அமிலம் ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டுக்குள் படிந்து, அதைப் பகையென்று கருதி உடல் போர்தொடுப்பதால் வரும் இந்த வலி வேறு. மூட்டுவலி, கீல்வாதம், யூரிக் ஆசிட் என்று மூன்று பெயர்களையும் ஒரே பத்தியில் மாற்றி மாற்றி எழுதிவிட்டு ஒரே மருந்தைச் சொன்னால், படிக்கிறவர் எதை எதற்கென்று எடுத்துக்கொள்வார்?

'இரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியான அளவில் இருந்தால் இந்த நோய் இல்லை என்று நிம்மதி அடையலாம்' என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்த நிம்மதியை நானும் பத்து நாள் அனுபவித்தேன். வலியின் உச்சத்தில் எடுத்த பரிசோதனையில் என் அளவு 5.9 என்று, சரியான அளவுக்குள்ளேயே வந்தது. நான் முதலில் பார்த்த மருத்துவர் சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார். வலி வந்த நேரத்தில் இரத்தத்தில் அந்த அளவு இறங்கிக் காட்டக்கூடும் என்பதும், வீக்கம் வடிந்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும் என்பதும் வேறொரு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. அப்போது பார்த்தால் 8.4.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கடிதத்துக்கு வருகிறேன். அப்போது தாங்கள் வெளியிட்ட குறிப்பில், 'வீங்கிய பாதத்தைப் பொறுக்கும் சூட்டில் கல்லுப்பு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் வைத்திருக்கவும்' என்று இருந்தது. வியாசர்பாடியில் இருக்கும் என் அக்கா அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அப்படியே செய்தார். அவருக்கு 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பாதம் மரத்துப்போனவருக்குப் பொறுக்கும் சூடு எது, பொறுக்காத சூடு எது என்று எப்படித் தெரியும்? காலை வெளியே எடுத்தபோது உள்ளங்கால் தோல் வெள்ளையாக ஊறிக் கொப்பளித்திருந்தது. 23 நாள் கட்டுக் கட்டினோம். விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் அந்த நாள்களில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை. இதையெல்லாம் விவரமாக எழுதி அனுப்பினேன். வெளியான கடிதத்தில் 'தங்கள் நலவாழ்வு இணைப்பைத் தவறாமல் படிக்கிறேன்' என்ற என் முதல் வரியும் அதையொட்டிய நான்கு வரிகளும் மட்டுமே இருந்தன. இட நெருக்கடி இருந்திருக்கலாம். ஆனால் என் அக்காவின் கால் அந்த நான்கு வரியில் இடம்பெறவில்லை என்பது இன்றுவரை எனக்கு வருத்தமே. இந்த ஞாயிற்றுக்கிழமை அதே வெந்நீரும் அதே கல்லுப்பும் மீண்டும் வந்திருக்கின்றன.

இயற்கையானது எதுவும் தீங்கு செய்யாது என்ற கூற்றுக்கு நம் மாநில மலரான செங்காந்தளே மறுமொழி சொல்லும். அதன் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்பார்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கத்தில் இதைப் பந்தல் கட்டிப் பயிரிடுகிறார்கள். அதன் விதைக்குத்தான் விலை. காரணம், அதில் இருக்கும் கோல்ச்சிசின் என்ற பொருள். யூரிக் ஆசிட் வலி கிளம்பிய உடனே மருத்துவர் எழுதித் தருகிற மாத்திரையும் அதே கோல்ச்சிசின்தான். ஒரு மாத்திரையில் 0.5 மில்லிகிராம். அதிலேயே கொஞ்சம் கூடினால் வயிற்றுப்போக்கு நிற்காது. அந்தக் கிழங்கைப் பச்சையாகத் தின்றால் உயிரே போகும். ஒரே செடி, ஒரே பொருள். மருந்தாவதும் நஞ்சாவதும் அளவில்தான் இருக்கிறது. தங்கள் கட்டுரையில் ஒன்பது கைவைத்தியங்கள் உள்ளன. ஒன்றுக்காவது அளவு உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். 'தேவையான அளவு' என்று ஏழு இடத்தில் இருக்கிறது. வாழைத்தண்டுச் சாற்றைத் தினமும் வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லும் இடத்தில், சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது என்று ஒரு சொல் இல்லை.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருப்பு, பசலைக்கீரை, காளான், தயிர் ஆகியவற்றை அறவே நிறுத்த வேண்டும் என்கிறது கட்டுரை. இத்தகைய குறிப்புகளை நம்பி இரண்டு ஆண்டுகள் பருப்பில்லாத சாம்பாரும் மோரில்லாத சாப்பாடுமாக நான் இருந்திருக்கிறேன். உடல் மெலிந்ததே தவிர வலி குறையவில்லை. அமெரிக்காவில் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டின. உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் மிகுந்த காய்கறிகளும் பருப்பு வகைகளும் கூட்டவில்லை. கொழுப்பு குறைந்த பாலும் தயிரும் குறைக்கவே செய்தன. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழும் எனக்கு நெத்திலியையும் மத்தியையும் ஆட்டு ஈரலையும் விடுவதுதான் கடினமாக இருந்தது. நிறுத்த வேண்டியவை அவைதான் என்று முதலிலேயே யாராவது எழுதியிருந்தால் பருப்பையாவது நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

செர்ரிப் பழம் வலியைப் போக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். செர்ரி சாப்பிட்ட நாள்களில் வலி மீண்டும் வருவது குறைந்திருந்தது என்று 633 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது உண்மை. வந்துவிட்ட வலியை அது உடனே ஆற்றும் என்று அதற்குப் பொருள் இல்லை. என் நாத்தனார் அதைப் படித்துவிட்டு எனக்காகப் பேக்கரியிலிருந்து அரைக் கிலோ சிவப்புச் செர்ரி வாங்கி வந்தார். கேக்கின் மேல் வைக்கும் அந்தச் செர்ரி பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். யூரிக் அமிலத்தைக் கூட்டுவதில் இனிப்புப் பானங்களுக்கும் பங்குண்டு என்று தெரிந்த நான், அன்போடு வாங்கி வந்தவரிடம் அதை எப்படிச் சொல்வேன்?

'மது அருந்தும் ஆண்களுக்கு வரும் நோய்' என்ற வரியும் என்னைப் புண்படுத்தியது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது வருகிறது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகளாலும் யூரிக் அமிலம் கூடுகிறது. எனக்கு இரண்டும் பொருந்தின. ஆனால் உறவுக்காரர் ஒருவர் என் மகனைத் தனியே அழைத்து, 'அம்மாவுக்கு ஏதாவது பழக்கம் உண்டா?' என்று கேட்டார். 33 ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் இரவுப் பணி பார்த்தும் ஒரு சொல் கேட்காதவள், பெருவிரல் வீங்கியதற்காக அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது.

எனக்குப் பயன்பட்டவை எவை என்று தாங்கள் கேட்கலாம். வலி கிளம்பினால் காலை இரண்டு தலையணை மேல் உயர்த்தி வைத்து, பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி, தோலில் நேராகப் படாமல் 15 நிமிடம் வைப்பேன். சற்று விட்டு மறுபடி வைப்பேன். நொச்சி இலை ஒத்தடம் என் முழங்காலுக்குச் சுகமாக இருந்திருக்கிறது. இந்த வலிக்கு வைத்தபோது எரிச்சல் இரட்டிப்பானது. வெயில் காலத்தில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வேன். இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்கள் அதையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். முடக்கத்தான் தோசை வாரம் ஒரு நாள் உண்டு, பிடித்த உணவாக. இவற்றோடு, யூரிக் அமிலத்தை 6க்குக் கீழே வைக்க மருத்துவர் தந்த அலோபியூரினாலை ஒருநாளும் விடுவதில்லை. வலி வந்தபோதும் நானாக நிறுத்துவதில்லை. அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறுகளுக்கு மாறலாம் என்று தங்கள் கட்டுரை சொல்வதை மட்டுமாவது யாரும் பின்பற்றிவிடக் கூடாது.

என் வேண்டுகோள் சிறியது. மரத்த கால் உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் வெந்நீர் முறையைச் செய்யக்கூடாது என்றும், மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது என்றும் ஒரு திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை வெளியிடுங்கள். இனி எந்தக் கைவைத்தியத்தை வெளியிட்டாலும் அளவையும், யாருக்கு ஆகாது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதவில்லை என்றால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். இந்த முறை என் அக்காவின் காலைப் பற்றிய பத்தியை மட்டும் நீக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ராயபுரம், சென்னை.