கழிமுகத்துத் தண்ணீரை வானிலிருந்தும் பாருங்கள்: எண்ணூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கும், நீர்வளத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

எண்ணூரில் பிறந்து, இங்குள்ள பள்ளியொன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிவியல் பாடம் நடத்தி வருபவன் நான். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் வந்து கடலில் சேரும் எங்கள் கழிமுகத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை செயற்கைக்கோள்கள் படமெடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தப் படங்கள் யாருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை வாரியத்தின் வழக்கமான நீர்க் கண்காணிப்பில் சேர்த்துக்கொண்டு, அவற்றில் தெரிவதைத் தேதிவாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தின் மேல் படர்ந்தது. மீனவர்கள் வாளியாலும் மக்காலும் அதை மொண்டு பீப்பாய்களில் நிரப்பியதை நாடே பார்த்தது. என் மைத்துனரின் படகில் படிந்த கறுப்பு, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை; வலையைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஓயாமல் எழுந்த கேள்விகள், எண்ணெய் எந்த நாளில் வந்தது, எந்த வழியாக வந்தது, எதுவரை பரவியது என்பவைதாம். ஆளுக்கொரு பதில் சொன்னோம். வாய்ச்சொல்லைத் தவிர எங்கள் கையில் வேறு சான்று இருக்கவில்லை.

ஐரோப்பிய விண்வெளி முகமை சென்டினல்-2 வரிசையின் முதல் செயற்கைக்கோளை 2015-லும் இரண்டாவதை 2017-லும் ஏவியது. இவ்வரிசையில் இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாட்களுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணியளவில், ஓரிடத்தைக் கடக்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. ஒளியைப் பதின்மூன்று அலைப்பட்டைகளாகப் பிரித்துப் பதிவு செய்யும் இவற்றின் மிக நுட்பமான பட்டைகளில், ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். தெளிந்த நீர், நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும்; அதில் வண்டலோ நிலக்கரிச் சாம்பலோ மிதந்தால் சிவப்பும் அகச்சிவப்பும் கூடுதலாகத் திரும்பி வரும். பாசி பெருகும்போது அதன் பச்சையம் 665 நானோமீட்டர் அளவிலான சிவப்பை உறிஞ்சிக்கொள்ள, 705 நானோமீட்டரை ஒட்டிய ஒளி தூக்கலாகத் தெரியும்; இவ்விரண்டையும் ஒப்பிட்டே பாசியின் அளவை மதிப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 ஆகிய இரண்டும் சேர்ந்து எட்டு நாட்களுக்கு ஒருமுறை வருகின்றன. அவற்றில் வெப்பத்தைப் பதியும் பட்டைகளும் உண்டு என்பதால், எங்கள் ஊரார் ‘சுடுதண்ணி’ என்று சொல்லும் அனல்மின் நிலையக் குளிர்விப்பு நீர் எவ்வளவு தூரம் சூட்டோடு பரவுகிறது என்பதை ஓரளவு அவற்றில் காண முடியும்.

படத்தில் தெரியாதவற்றையும் சொல்லியாக வேண்டும். அம்மோனியா, ஈயம், பாதரசம் ஆகியவை நீரில் கரைந்துவிட்டால் செயற்கைக்கோளின் கண்ணுக்குப் புலப்படா. கரைந்த ஆக்சிஜனின் அளவும், மலக்கழிவுக் கிருமிகளும் நேரடியாகத் தெரியமாட்டா. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடிய இரவில், எந்தச் செயற்கைக்கோளும் எங்களை எச்சரித்திருக்க முடியாது. பக்கிங்காம் கால்வாய் குறுகலாக ஓடும் இடங்களில் கரையும் தண்ணீரும் ஒரே பிக்சலில் கலந்துவிடும். நீர்ப்பரப்பைப் படமெடுக்கும்போது செயற்கைக்கோளுக்கு எட்டும் ஒளியில் பெரும்பங்கு இடையிலுள்ள காற்று மண்டலம் சிதறடித்த ஒளி. மணலியின் புகைமூட்டத்தில் அந்தப் பங்கைக் கழித்துக் கணக்கிடுவது எளிதான வேலையன்று. ஆகவே தண்ணீரைக் குப்பியில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் வேலையைப் படங்களைக் காட்டி ஒருபோதும் குறைத்துவிடக் கூடாது என்பதையும் அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்பது, படமெடுப்பதும் மாதிரி எடுப்பதும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதே. சென்ற கோடையில் ஒருநாள், தண்ணீரின் கலங்கலை அறிய, வெள்ளையும் கறுப்புமாகச் சாயம் பூசிய தட்டொன்றைக் கயிற்றில் கட்டி முகத்துவாரத்தில் இறக்கிப் பார்த்தேன். ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வந்துகொண்டிருந்தபோது ஒரு கை நீளம் இறங்கியும் தெரிந்த அந்தத் தட்டு, அன்றே வற்றம் தொடங்கி ஆற்றுநீர் வெளியேறத் தொடங்கியபின் முழங்கை ஆழத்திலேயே மறைந்துவிட்டது. அதே இடம், அதே நாள். இடையில் சில மணி நேரம்தான். மாதத்துக்கு ஒருமுறை, ஏற்றமா வற்றமா என்று குறிக்காமல் எடுக்கும் மாதிரி இந்தக் கழிமுகத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? செயற்கைக்கோள் கடக்கும் நாட்கள் முன்கூட்டியே தெரிந்தவை. அந்த நாட்களில் காலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையே சில குறித்த இடங்களில் மாதிரி எடுத்து, நீரின் ஏற்ற இறக்கத்தையும் எழுதி வைத்தால், படத்தின் நிறத்துக்கும் தண்ணீரின் கலங்கலுக்கும் உள்ள உறவு இந்தக் கழிமுகத்துக்கென்றே கணக்கிடப்பட்டுவிடும். அதன்பின், 2015 முதல் சேர்ந்து கிடக்கும் பழைய படங்களையும் அந்தக் கணக்கைக் கொண்டு ஓரளவு நம்பிக்கையோடு வாசிக்கலாம். எங்கள் கையில் இல்லாதிருந்த சான்றில் ஒரு பகுதி அங்கே கிடக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் மறைக்குமே என்று கேட்கலாம். மறைக்கும், எங்களுக்குக் கண்காணிப்பு மிகவும் வேண்டிய மாதங்களும் அவைதாம். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்கள் அப்போது உதவும். எண்ணெய் படர்ந்த நீரில் சிற்றலைகள் அடங்கிவிடுவதால் அந்தப் பரப்பு ரேடாரில் கறுப்பாகத் தெரியும். காற்றே இல்லாத நாளில் வெறும் தண்ணீரும் அப்படித்தான் தெரியும் என்பதால், அதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், படகை எங்கே அனுப்புவது என்பதற்கான குறிப்பாகக் கொள்ளலாம். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட்டுகளை எங்கள் பிள்ளைகள் கடற்கரையில் நின்றே பார்க்கிறார்கள். 2025 ஜூலை 30 அன்று நிசார் ரேடார் செயற்கைக்கோளும் அங்கிருந்துதான் சென்றது.

புழல், சோழவரம் ஏரிகளுக்கும் இதே முறை பொருந்தும். அகன்ற நீர்ப்பரப்பு என்பதால் அங்கே வேலை இன்னும் எளிது. 2019 கோடையில் புழல் வறண்டுபோனதை உலகம் செயற்கைக்கோள் படங்களில்தான் கண்டது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்த அதே கண்ணால் அதில் பாசி கட்டுகிறதா என்றும் பார்க்கலாம்.

இதற்கு ஆள் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனமும், பள்ளிக்கரணையில் தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. அவர்களோடு எங்கள் மீனவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மூலையில் சாம்பல் படிகிறது, எந்த நீரோட்டத்தில் மடவை மீன் ஒதுங்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மாதிரி எடுக்க வேண்டிய இடங்களை அவர்களே காட்டட்டும். கிடைக்கும் எண்களைப் படத்தோடும் தேதியோடும் தமிழில் வெளியிடுங்கள்.

செயற்கைக்கோள் கடக்கும் நாள் ஒன்றை வாரியம் அறிவித்தால், அன்று காலை பத்து மணிக்கு முகத்துவாரத்தில் படகோடு காத்திருக்க என் மைத்துனர் சம்மதித்திருக்கிறார். தட்டும் கயிறும் குப்பிகளும் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
எண்ணூரைச் சேர்ந்த ஓர் அறிவியல் ஆசிரியர்