பன்னிரண்டு மாதம் என்பது எட்டு மாதம்

அன்பு நண்பா,

வேலையை விட்டுச் சொந்தக் கம்பெனி தொடங்கப் போகிறாய், கூட்டாளி ஒருவரும் கிடைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. ஆனால் "12 மாதத்துக்குப் பணம் இருக்கிறது" என்றாயே, அந்த வரியில்தான் எனக்கு இடறியது.

உன் கணக்கையே எடுத்துக்கொள்வோம், லட்சமோ கோடியோ வகுத்தல் ஒன்றுதான். கையிருப்பு 60, மாதச் செலவு 8, வரவு 3. மாதம் 5 கரைகிறது. 60-ஐ 5-ஆல் வகுத்து 12 என்கிறாய். வகுத்தல் சரிதான், அந்த 3 என்றைக்கு வங்கிக்கு வரும்? இன்வாய்ஸ் அனுப்பி 60 நாள் கழித்துப் பணம் தரும் வாடிக்கையாளர்கள் என்றால் முதல் இரண்டு மாதம் வரவே கிடையாது. 16 போய் 44 மிஞ்சும், ரன்வே, அதாவது பணம் தீரும்வரை உள்ள காலம், மொத்தம் 11 மாதத்துக்கும் கீழே இறங்கிவிடும். விற்பனைக்கு ஒருவர், சாஃப்ட்வேர் கோடு எழுத ஒருவர் என்று ஆள் சேர்த்துச் செலவு 10 ஆனால்? இரண்டு மாதத்தில் 20 காலி. மிச்சம் 40, அதன்பின் மாதம் 7 கரையும். மொத்தத்தில் எட்டு மாதம்கூடத் தேறாது. புது முதலீடு திரட்ட ஆறு மாதமாவது ஒதுக்க வேண்டும். அப்படியானால் காட்டுவதற்கு எண்ணே இல்லாத இரண்டாம் மாதத்திலேயே நீ முதலீட்டாளர் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் மாதச் சராசரியை நம்பாதே. அடுத்த 13 வாரத்துக்கு ஒரு எக்செல் போடு. வாரத்துக்கு ஒரு நெடுவரிசை: தொடக்க இருப்பு, உறுதியான வரவு, சம்பளம், வரி, சர்வர் வாடகை, முடிவு இருப்பு. "அநேகமாக வந்துவிடும்" என்கிற பணத்துக்குத் தனி வரிசை, அதைக் கூட்டலில் சேர்க்காதே. திங்கள்தோறும் போன வாரத்தை உண்மையான எண்ணால் திருத்தி, கடைசியில் ஒரு வாரம் சேர். ஆண்டுக்கு ஒருமுறை வரும் காப்பீடும் உரிமக் கட்டணமும் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும். இதில் அந்தந்த வாரத்தில் பல்லை இளிக்கும். லாபத்தில் ஓடும் கம்பெனியும் சம்பள நாளில் கையைப் பிசைவது இப்படித்தான்.

அடுத்தது கூட்டாளி. பங்கு பாதிக்குப் பாதி என்று வாய்ப்பேச்சில் நிறுத்தாதே. நான்கு ஆண்டு வெஸ்டிங் (பங்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாவது), ஓராண்டு கிளிஃப் (முதல் ஆண்டுக்குள் விலகினால் எதுவும் கிடையாது) என்பது பரவலான ஏற்பாடு. எட்டாம் மாதத்தில் அவர் விலகினால் பங்கு எதுவும் போகாது. 18-ஆம் மாதத்தில் விலகினால் அவருடைய 50 சதவீதத்தில் 48-இல் 18 பங்கு, அதாவது 18.75 சதவீதம் மட்டும் அவருக்கு. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் போனவர் கையில் பாதிக் கம்பெனி இருக்கும், முதலீட்டாளர் யாரும் கிட்டே வரமாட்டார். விதி உனக்கும் அவருக்கும் ஒன்றுதான் என்று முதலிலேயே சொல்லிவிடு, பேச்சு எளிதாகும். எழுதிய கோடும் வடிவமைப்பும் கம்பெனிக்கே சொந்தம் என்ற ஒப்பந்தத்திலும் அன்றே கையெழுத்து வாங்கு. இப்போது வேலை பார்க்கும் இடத்து ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துப் பார். அலுவலக லேப்டாப்பில் எழுதிய கோடுக்கு அவர்கள் உரிமை கோரக்கூடும்.

வாடிக்கையாளரிடம் "இது வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதே. முகத்துக்காக எல்லாரும் ஆம் என்பார்கள். இந்தச் சிக்கல் கடைசியாக எப்போது வந்தது, எப்படிச் சமாளித்தீர்கள், அதற்கு எவ்வளவு செலவானது என்று கேள். செலவே செய்யவில்லை என்றால் அவருக்கு அது சிக்கலே இல்லை. விற்க ஆரம்பித்த பிறகு விலகுகிறவர்களை எண்ணு. மாதம் 5 சதவீதம்தானே என்று தோன்றும். 100 பேரில் ஆண்டு முடிவில் 54 பேர்தான் மிஞ்சுவார்கள்.

முதலீட்டாளரிடமிருந்து டெர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைகளின் சுருக்கம்) வந்தால் கம்பெனியின் மதிப்பை மட்டும் பார்த்துச் சிரிக்காதே. முதலீட்டுக்கு முந்தைய மதிப்பு 8, முதலீடு 2 என்றால் அவருக்கு 20 சதவீதம், உங்களுக்கு 80 என்று நினைப்பாய். முதலீட்டுக்குப் பின் மொத்தத்தில் 10 சதவீதம் வரும்படி ஊழியர்களுக்கான பங்குத் தொகுப்பை முன்பே உங்கள் பங்கிலிருந்து ஒதுக்கு என்று உள்ளே ஒரு வரி இருக்கும். அப்போது உங்களுக்கு 70தான். மொத்தம் 10-இல் 70 சதவீதம் என்றால் மதிப்பு 8 அல்ல, உண்மையில் 7. அடுத்த ஒன்றரை ஆண்டில் யார் யாரைச் சேர்ப்பாய் என்று பட்டியல் காட்டினால் அந்த 10-ஐக் குறைக்கலாம்.

கடைசியாக, உனக்கும் ஒரு சம்பளம் போட்டுக்கொள். சிறிதாக இருக்கட்டும், பூஜ்யமாக வேண்டாம். வீட்டுச் செலவுக்கு அல்லாடுகிறவன் மோசமான ஒப்பந்தத்தில் சீக்கிரம் கையெழுத்திடுவான். கடனுக்கு உன் பெயரில் சொந்த ஜாமீன் கேட்டால் வீட்டில் சொல்லாமல் தராதே.

13 வாரக் கணக்கைப் போட்டதும் அனுப்பு. ஒன்பதாம் வாரத்தில் என்ன இருப்பு நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்