உள்ளக அரங்கைக் கூரையிலிருந்து சிந்தியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் விளையாட்டுக்கும் கலைநிகழ்ச்சிகளுக்கும் பொதுவான பெரிய உள்ளக அரங்கு வேண்டும் என்போர் இருக்கைகளின் எண்ணிக்கையையே முதலில் பேசுகின்றனர். வடிவமைப்போ கூரையிலிருந்து தொடங்க வேண்டும். சர்வதேசக் கரப்பந்தாட்டத்துக்குத் தளத்தின் மேல் 12.5 மீற்றர் உயரம் தடையின்றி இருக்க வேண்டும் என்பதால், நடுவில் தூணில்லாத உயர்ந்த கூரை தவிர்க்கமுடியாதது. அத்தகைய கூரையைப் புயற்காற்று கீழிருந்து மேலே தூக்கும் என்பதை, 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்ட நம் ஊரவருக்கு விளக்கத் தேவையில்லை. ஆகவே கூரைச் சட்டங்களை அத்திவாரம்வரை பிணைக்கும் செலவில் சிக்கனம் கூடாது.

வெப்பமான கச்சான் காற்று வீசும் காலத்து வெக்கைக்காகச் சுவர்களில் திறப்புகள் வைப்பது நல்ல எண்ணமே. ஆயினும் பூப்பந்து மெல்லிய காற்றிலும் திசைமாறும் என்பதால், அவற்றை வேண்டியபோது மூடக்கூடியவாறு அமைக்க வேண்டும். அதே மண்டபத்தில் இசைக்கச்சேரி நடக்கும்போது வெறுங் கொங்கிறீற்றும் தகரமும் ஒலியை எதிரொலித்துக் குழப்பும். கூரையடியில் ஒலியுறிஞ்சும் பலகைகளை முதலிலேயே திட்டத்தில் சேர்க்காவிட்டால், பின்னர் அதற்கெனப் பணம் ஒதுக்கப்படுவது (நாம் அறிந்தவரை) அரிது. வாவியோரத் தாழ்நிலத்தில் தளத்தை வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்த்துவதும், அவ்வாறு உயர்த்தியபின் சக்கர நாற்காலியில் வருவோருக்குச் சாய்வுப்பாதை அமைப்பதும் ஒரே வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு