அப்பீலை மறுக்கிறதெண்டால் காரணத்தையும் சேத்துச் சொல்லுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினை ரிசல்ட் வந்த அடுத்த நாள் தொடக்கம் உங்கட பேப்பரில மாவட்ட முதலிடம், வலய முதலிடம் எண்டு பிள்ளையளின்ர படம் நிறைஞ்சு போகும். போடுங்கோ, அதில பிழை இல்லை, விடிய நாலு மணிக்கு எழும்பிப் படிச்ச பிள்ளையள். ஆனா அதுக்குப் பிறகு வாற மாசங்களில நடக்கிறது ஒண்டும் பேப்பரில வாறேல்லை. அந்தப் புள்ளியை வச்சு ஆறாம் ஆண்டுக்குக் கேட்ட பள்ளிக்கூடம் கிடைக்காமல், அப்பீல் போட்டு, அதுவும் சரிவராமல் நிக்கிற தாய் தேப்பனைப் பற்றித்தான் நான் எழுதுறன்.

நான் முல்லைத்தீவில ஒட்டுசுட்டான் பக்கம் சின்னனா ஒரு கொமினிகேசன் வச்சிருக்கிறன். போட்டோக்கொப்பி, ரைப்பிங், ரீலோட், இப்ப ஒன்லைன் போம் நிரப்பிறதும் சேந்திட்டுது. ரிசல்ட் வந்தா எனக்கு ரெண்டு சீசன், முதல் பனர் சீசன், பிறகு அப்பீல் சீசன். பனருக்குப் படம் கொண்டு வாற ஆக்கள் கடைக்கு வெளியிலயே சத்தம் போட்டுக் கதைச்சுக்கொண்டு வருவினம். அப்பீலுக்கு வாற ஆக்கள் உள்ளுக்கு வேற சனம் நிண்டா ரோட்டுக்கரையில நிண்டு அவை போனாப்பிறகுதான் வருவினம். பத்து வயசுப் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் கிடைக்காததுக்கு இவ்வளவு வெக்கப்பட வச்சது ஆர் எண்டு எனக்கு விளங்கேல்லை.

முதல்ல சனத்தின்ர குழப்பத்தைச் சொல்லோணும். மொத்தப் புள்ளி 200, அதில 70 இல்லாட்டி அதுக்கு மேல எடுத்தா சேர்ட்டிபிக்கட் வரும். மாவட்டத்துக்கு எண்டு ஒரு வெட்டுப்புள்ளி வரும், அது வருமானம் குறைஞ்ச வீட்டுப் பிள்ளைக்கு மாசாமாசம் உதவிக்காசு குடுக்கிறதுக்கு, 750 ரூபாயா இருந்ததை 2025 பட்ஜெட்டில 1500 ஆக்கிச்சினம். பள்ளிக்கூடத்துக்கு எண்டு வாற வெட்டுப்புள்ளி இது இல்லை, அது வேற. அந்தப் பள்ளிக்கூடத்தில எத்தினை இடம் இருக்கு, அதைக் கேட்ட பிள்ளையள் எவ்வளவு எடுத்திருக்குதுகள் எண்டதைப் பாத்துத்தான் அது நிக்கும், ஒவ்வொரு வருசமும் ஏறும் இறங்கும். எங்கட சனம் மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டின உடன பிள்ளை பாஸ் எண்டு மாலை போட்டு, கோயிலில அர்ச்சனை செய்து, சந்தியில பனரும் கட்டிப்போடும். பிறகு ரவுன் பள்ளிக்கூடத்தின்ர வெட்டுப்புள்ளி வந்து பிள்ளை அதுக்குக் கீழ நிண்டா, "பாஸ் பண்ணின பிள்ளைக்கு ஏன் தம்பி இடமில்லை எண்டுறாங்கள்" எண்டு என்னட்ட வந்து கேக்குதுகள். இதை ரிசல்ட் வாறதுக்கு முதலே பள்ளிக்கூடத்தில பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினா எவ்வளவு நல்லது.

அதே மாதிரித்தான் மீள்பரிசீலனையும் மேன்முறையீடும், அதுதான் அப்பீல். புள்ளி கூட்டினதில பிழை இருக்கோ எண்டு திருப்பிப் பாக்கச் சொல்லிக் கேக்கிறது பரீட்சைத் திணைக்களத்திட்ட. பள்ளிக்கூட இடம் கேக்கிறது தேசிய பாடசாலை, அதாவது மத்திய அரசின்ர பள்ளிக்கூடம் எண்டால் கல்வி அமைச்சிட்ட. ரெண்டுக்கும் வேற வேற கடைசித் திகதி. மீள்பரிசீலனை முடிவு வரட்டும் பிறகு அப்பீலைப் பாப்பம் எண்டு காத்திருந்து திகதியை விட்ட ஆக்கள் எனக்குத் தெரிஞ்சே இருக்கினம். வலயக் கல்விக் கந்தோரில போய்க் கேட்டா "நீங்கள் வெப்சைற்றைப் பாக்கேல்லையோ" எண்டுவினம். கச்சான் தோட்டத்தில நிக்கிற மனுசிக்கு என்ன வெப்சைற்.

சரி, நான் சொல்ல வந்த விசயம் இனித்தான்.

அப்பீலுக்கு என்னத்தைப் பாத்து இடம் குடுக்கினம் எண்டு சனத்துக்குத் தெரியிற மாதிரி ஒருத்தரும் சொல்லுறேல்லை. புள்ளி மட்டுமோ, தூரமோ, வறுமையோ, அக்கா அண்ணா அங்க படிக்கிறதோ, தெரியாது. தெரியாதபடியால சனம் தங்களிட்ட இருக்கிற எல்லாத்தையும் கொண்டு வந்து வைக்குது. போன முறை ஒரு அம்மா வந்தவ, கையில ஒரு பழைய உடுப்புக்கடை பாக், அதுக்குள்ள பொலித்தீன் சுத்தின பைல். பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ், ரிசல்ட், கிராம சேவகரின்ர கடிதம், மனுசனுக்கு 2009ல கால் போனதுக்கு ஆஸ்பத்திரி குடுத்த துண்டு, செயற்கைக் கால் போட்ட இடத்துக் காட், இவ்வளவையும் ஒவ்வொண்டா எடுத்துத் தந்தா, நானும் கொப்பி எடுத்தன். கடைசியில அடியில இருந்து ஒரு மடிச்ச கடிதம். அவவின்ர தம்பி காணாமப் போனதுக்கு முறைப்பாடு குடுத்த கடிதம், மடிப்பில எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. "இதையும் வைக்கட்டோ தம்பி, ஏதும் பிரயோசனப்படுமோ" எண்டு கேட்டா. எனக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. பிரயோசனப்படாது எண்டு சொல்ல நான் ஆர்? வேணாம் எண்டு சொல்லி, நாளைக்கு அப்பீல் சரிவராமப் போனா அந்தக் கடிதத்தை வைக்காததாலதான் எண்டு அவ சாகுமட்டும் நினைப்பா. வச்சம். சமாதான நீதவானிட்ட சைனும் வாங்கி அனுப்பினம்.

அதுக்கு வந்த பதில் ஒரு வரி. இடவசதி இன்மையால் தங்கள் கோரிக்கையை நிறைவேற்ற முடியாதுள்ளது. அவ்வளவுதான்.

உண்மையிலேயே இடம் இல்லாமல் இருக்கலாம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை, ஒரு வகுப்பில எத்தினை பிள்ளையை அடைக்கிறது. ஆனா அதே பள்ளிக்கூடத்துக்கு, பேர் வேண்டாம், அடுத்த தவணை துவங்க வேற பிள்ளையள் வந்து சேந்திருக்குதுகள் எண்டு ஊருக்குள்ள கதை வந்தது. உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையள் கூடப் புள்ளி எடுத்த பிள்ளையளா இருக்கலாம், இடமாற்றத்தில வந்த உத்தியோகத்தரின்ர பிள்ளையளா இருக்கலாம், எல்லாம் சட்டப்படியே நடந்திருக்கலாம். காரணம் சொல்லாத இடத்தில கதைதான் முளைக்கும். எம்பியைப் பிடிச்சவை, காசு குடுத்தவை, கட்டிட நிதி எண்டு கட்டினவை எண்டு சனம் கதைக்குது, நேர்மையா வேலை செய்யிற அதிபருக்கும் அதால கெட்ட பேர்.

2024 சோதினையை நினைச்சுப் பாருங்கோ. செப்ரெம்பர் 15 சோதினை நடந்தது, முதல் பேப்பரில மூண்டு கேள்வி முன்கூட்டியே வெளியில வந்திட்டுது எண்டு பிரச்சினை கிளம்பி, பெற்றோர் ரோட்டில இறங்கி, கோட்டுக்குப் போய், கடைசியா டிசம்பர் 31 உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, சோதினையைத் திருப்பி வைக்காமல் அந்த மூண்டு கேள்விக்கும் எல்லாப் பிள்ளைக்கும் புள்ளியைக் குடுக்கிறதெண்டு முடிவாச்சுது. அந்தத் தீர்ப்பு பிடிச்சவையும் இருக்கினம் பிடிக்காதவையும் இருக்கினம், ஆனா என்ன நடந்தது, ஏன் இப்பிடி முடிவெடுத்தது எண்டு நாட்டுக்கே தெரிஞ்சது. ரிசல்ட் 2025 ஜனவரி 23 வந்தது, 27 புது வகுப்பு துவங்கினது, அந்த அவதியை விடுங்கோ. இவ்வளவு பெரிய பிரச்சினைக்கு காரணத்தோட ஒரு முடிவு சொல்ல ஏலுமெண்டா, ஒட்டுசுட்டானில ஒரு பிள்ளையின்ர அப்பீலுக்கு நாலு வரி எழுத ஏலாதோ? உங்கட பிள்ளை எடுத்தது இவ்வளவு, வெட்டுப்புள்ளி இவ்வளவு, வெற்றிடம் இத்தினை, அப்பீல்ல கடைசியா எடுபட்ட பிள்ளையின்ர புள்ளி இவ்வளவு. பேர் ஊர் ஒண்டும் வேண்டாம். இதைக் கொம்பியூட்டரே அடிச்சுத் தரும், ஒன்லைன்லதானே எல்லாம் வாங்கிறியள்.

உப்பிடி ஒரு கடிதம் வந்தா பாதிச் சனம் அதோட ஆறிடும். என்ர அக்காவின்ர மகளும் ஒரு புள்ளியால ரவுன் பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், அக்கா ஒரு மாசம் ஒழுங்காச் சாப்பிடேல்லை. ஒரு புள்ளி எண்டது பெரிய வருத்தம்தான், ஆனா தனக்கு மேல எத்தினை பிள்ளையள் நிண்டதுகள் எண்டு தெரிஞ்சிருந்தா அவளும் அடுத்த நாளே எழும்பியிருப்பாள். மருமகள் இப்ப பக்கத்துப் பள்ளிக்கூடத்தில நல்லாத்தான் படிக்கிறாள், அது வேற கதை.

ஏன் இந்தச் சனம் இப்பிடி அடிபடுது எண்டு கொழும்பில இருக்கிறவை கேக்கலாம், பக்கத்தில பள்ளிக்கூடம் இல்லையோ எண்டு. இருக்கு. முள்ளியவளையில, புதுக்குடியிருப்பில, மல்லாவியில நல்ல பிள்ளையளை உருவாக்கின பள்ளிக்கூடங்கள் இருக்கு. ஆனா உள்ளுக்க இருக்கிற சின்னப் பள்ளிக்கூடங்களில கணிதத்துக்கு, விஞ்ஞானத்துக்கு, இங்கிலிசுக்கு ரீச்சர்மார் நிண்டு பிடிக்கினமில்லை. யாழ்ப்பாணத்தில இருந்து வந்து கட்டாய சேவைக் கணக்கை முடிச்சுக்கொண்டு ஓடீடுவினம், அவையையும் குறை சொல்லேலாது, பஸ் இல்லை, பின்னேரம் மோட்டச்சைக்கிளில வந்தா நெடுங்கேணி ரோட்டில யானை. உயர்தரத்தில கணிதம் விஞ்ஞானம் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தை வன்னியில விரல் விட்டு எண்ணலாம். அப்ப ஆறாம் ஆண்டிலயே அந்த வாசலுக்குள்ள பிள்ளையைத் தள்ளிப்போடோணும் எண்டு தாய் தேப்பன் நினைக்கிறது விசர்த்தனமோ? இப்ப அஞ்சாம் ஆண்டுப் பிள்ளை வச்சிருக்கிற ஆக்கள் ஆர் எண்டு பாருங்கோ, 96ல கிளிநொச்சி இடம்பெயரேக்க சின்னஞ்சிறுசுகள், ஓலெவல் எடுக்கிற வயசில 2008, 2009 எண்டு திருப்பி ஓடினவை, மெனிக்பாம் அகதி முகாம் கூடாரத்துக்குள்ள இருந்து சோதினைக்குப் படிச்சவை. தங்களுக்கு அறுந்து போனது பிள்ளைக்கு அறக்கூடாது எண்டு நினைக்குதுகள்.

கல்வி மந்திரியா இருந்த கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டு வந்த காலத்தில, 1940களில, இந்தப் புலமைப்பரிசில் எண்டதே கிராமத்துப் பிள்ளை மத்திய கல்லூரிக்குப் போய் ஹொஸ்ரலில நிண்டு படிக்கத்தான். இப்ப இடம் கிடைச்ச பிள்ளைக்கும் ஹொஸ்ரல் இல்லாமல் ரவுனில றூம் எடுத்து அம்மம்மாவை விட்டுப் படிப்பிக்கினம்.

பெற்றோருக்கும் ஒண்டு ரெண்டு சொல்லுறன், கடையில ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் நோகுது. பள்ளிக்கூடத்தை அரசியல்வாதியிட்டக் கேக்காதேங்கோ. அப்பீல் போட்ட நம்பரை, ரெஜிஸ்ரர் தபால் துண்டை எறியாதேங்கோ. அப்பீல் முடிவு வரும் வரும் எண்டு பிள்ளையை வீட்டில வச்சிருக்காதேங்கோ, கிடைச்ச பள்ளிக்கூடத்தில சேருங்கோ. இல்லையெண்டு ஒரு வரியில பதில் வந்தா 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. வெற்றிடம் எத்தினை, அப்பீல்ல எத்தினை பேரை எடுத்தது, எதை வச்சு எடுத்தது எண்டு தகவல் உத்தியோகத்தருக்கு எழுதிக் கேக்கலாம், ஏன் கேக்கிறியள் எண்டு அவை கேக்கேலாது, தமிழிலயே எழுதலாம். 14 வேலைநாளுக்குள்ள தருவமோ மாட்டமோ எண்டு சொல்லியாகோணும். தராட்டி அதுக்கும் மேல ஒரு அப்பீல், பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பாகுபாடு காட்டினதெண்டு உண்மையிலேயே நினைச்சா வவுனியாவில மனித உரிமைகள் ஆணைக்குழு ஒவ்விஸ் இருக்கு, ஆனா அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாசம்தான் ரைம் எண்டதால மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் அந்த ஒரு மாசத்துக்குள்ளயே போங்கோ.

ஒரு தேப்பனுக்கு அந்தத் தகவல் போம் நானே நிரப்பிக் குடுத்தனான். பதில் வந்தது. வெற்றிடம் எண்ணிக்கை இருந்தது, அப்பீல்ல எடுத்த எண்ணிக்கை இருந்தது. எதை வச்சு எடுத்தது எண்ட கேள்விக்கு நேர "சுற்றறிக்கைக்கு அமைய" எண்டு மட்டும். அந்தச் சுற்றறிக்கையைத் தாங்கோ எண்டு திருப்பி எழுதியிருக்கிறம்.

கல்வி அமைச்சு, மாகாணக் கல்வித் திணைக்களம், வலயம் எல்லாத்துக்கும் உங்கட பேப்பர் போகுது. என்னென்ன பாத்து அப்பீல்ல இடம் குடுக்கிறது எண்டு அப்பீல் போம் திறக்கிற அண்டைக்கே தமிழில போடுங்கோ. புள்ளி மட்டும்தான் எண்டா புள்ளி மட்டும்தான் எண்டு எழுதுங்கோ, அந்த அம்மா தம்பியின்ர கடிதத்தைக் கொண்டு வந்து என்ர மேசையில வச்சிருக்க மாட்டா. பதிலைப் பள்ளிக்கூடம் துவங்க முதல் அனுப்புங்கோ. எனக்குப் போட்டோக்கொப்பி காசு குறையும், பறவாயில்லை.

இதைப் போடுறதெண்டா என்ர பேரைப் போடாமல் ஒட்டுசுட்டான் வாசகர் எண்டு போட்டா உதவியா இருக்கும், வாற கிழமையும் வலயத்தில எனக்கு அலுவல் இருக்கு.

நன்றி.